டயலில் நாலு என்றால் எவ்வளவு?

என் பழைய கறுப்பு ஸ்விஃப்டின் பானெட்டில், மடிப்புக் கோடு ஓடுகிற மேட்டில், ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் கலரில் தழும்பு. திருநகரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எங்க சார் உரசுனீங்க?" என்கிறார்கள். எங்கேயும் உரசவில்லை. காசு கொடுத்து மிஷின் வாங்கி நானே தேய்த்தது.

போர் தண்ணியில் கழுவிக் கழுவி உப்புத் திட்டு படிந்த வண்டி. பெயிண்டைத் தேய்த்து மினுக்குகிற 7 இஞ்ச் ரோட்டரி பாலிஷர், அதில் மாட்டுகிற கம்பளி ஊல் பேட், கீறலைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் பசை எல்லாம் டவுனுக்குள் ஒரு கடையில் வாங்கினேன். எந்த வேகத்தில் வைக்க என்றதற்குக் கடைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாலுல வைங்க, எல்லாரும் அதான்" என்றார்.

வைத்தேன். நடுவில் பளபளப்பு வந்த சந்தோஷத்தில் அந்த மேட்டில் கை கொஞ்சம் நின்றுவிட்டது. முதலில் தீய்ந்த வாடை. துடைத்தால் கறுப்பைக் காணோம், பெயிண்டுக்கு அடியில் பூசிய ப்ரைமர் எட்டிப் பார்க்கிறது.

பெட்டியில் மேனுவல் இல்லை என்று மறுநாள் பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை பஸ் ஏறி, அதே கடைக்குப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் யாரு சார் படிக்கிறா?" அரை நாள் போச்சு.

கடைசியில் ஒத்தக்கடைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன்தான் மிஷினைக் குப்புறப் போட்டு, அடியில் இருந்த தகட்டைக் காட்டினார். நிமிடத்துக்கு 600–3000 சுற்று. "தம்பி, டயல்ல இருக்கிறது வெறும் நம்பர். ஒண்ணுன்னா 600, ஆறுன்னா 3000. அப்ப நாலு?" மனக்கணக்குப் போட்டேன்: கிட்டத்தட்ட 2000. அந்த வேகத்தில் 7 இஞ்ச் பேடின் ஓரம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கலருக்கு மேலே பூசிய நிறமில்லாத கிளியர் கோட்டோ பெரும்பாலும் 50 மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது, மேட்டிலும் ஓரத்திலும் அதைவிட மெலிசு.

ஓரத்துக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, மறுபடி ஆரம்பித்தேன். பேடை பெயிண்டில் படிய வைத்த பிறகுதான் சுவிட்ச். இல்லாவிட்டால் காம்பவுண்ட் சட்டையெல்லாம் தெறிக்கும். டயலை ஒன்றில் வைத்துக் காம்பவுண்டைப் பரப்பி, கீறல் எடுக்க 1200லிருந்து 1500க்குள், என் மிஷினில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே. கடைசியில் ஃபோம் பேடும் பாலிஷும், 1000 பக்கம். பம்பரில் வேகத்தை ஏற்றவே கூடாது; பிளாஸ்டிக்கில் சூடு பரவாது, ஒரே இடத்தில் தங்கிவிடும். ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வைக்க முடியாத சூடு என்றால் மிஷினை நிறுத்திவிடுவேன். மதுரை வெயிலில் பானெட் தானாகவே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும் என்பதால் காலை ஆறு மணிக்கு, நிழலில்தான் வேலை.

ஃபோம் பேடைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். ஊல் பேடோடு விட்ட கதவு நிழலில் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயிலுக்குக் கொண்டுவந்தால் சுழி சுழியாக மினுங்கியது. கறுப்பு வண்டி எதையும் மறைக்காது.

இப்போது கதவில் வேப்பமரம் இலை இலையாகத் தெரிகிறது. தழும்புக்கு மட்டும் டச்சப் பண்ணலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். தனியாகத் தெரியுமாம், முழு பானெட்டும் அடிக்கணுமாம். தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கிறேன்.