நல்லூர்த் திருவிழா நாட்களில்

ஆகஸ்ட் 11, திங்கள்

சனசமூக நிலையக் கூட்டம். பொருளாளர் பொறுப்புக்கு என் பெயரை ஒரு தம்பி சொன்னான். நான் கடவுளை நம்பாதவன் என்று ஊருக்கே தெரியும். மூத்தவர் ஒருவர் எழும்பி, "பொடியன் நல்லவன்தான். ஆனால் சாமிக்கே பயமில்லாதவனிட்டை ஊர்க்காசைக் குடுக்கலாமோ?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அந்தப் பயம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. முடிவு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டது.

நித்திரை வரவில்லை. எட்டு வயதில் அம்மாவின் கொட்டைப்பெட்டியில் இருந்து ஐந்து ரூபாய் எடுத்தேன். அப்போது எனக்கு முருகன்மேல் முழு நம்பிக்கை, பயமும் இருந்தது. இருந்தும் எடுத்தேன். மறுநாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அம்மா பெட்டியை இரண்டு தரம் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், கையில் எடுத்த கத்தரிக்காயைத் திரும்பக் குவியலில் வைத்தார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாருடைய காசையும் தொட்டதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

விடிய முன்னமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குப் போனேன். வேட்டியோடு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், வீதி மணலில் நின்றேன். திருவிழா நடக்கும் 25 நாளும் வீட்டில் சைவம், எனக்கும் அதுதான். அம்மாவோடு இருக்கிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உள்வீதியில் நாதஸ்வரம் இழைந்து இறங்க, தவில் அதைத் தாங்கிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த அக்கா ஒருவர், "பாத்தியே, உள்ளுக்குள்ளை உனக்கும் பக்தி இருக்குது" என்றார். அக்கா, அது பக்தி இல்லை. அந்த வாசிப்பில் கரைந்துபோனேன். கடவுள் இல்லை என்கிறவனுக்கு நெஞ்சு வறண்டிருக்கும் என்று ஏன் நினைக்கிறார்கள்? அந்த நேரத்தில் நான் என்னை மறந்தேன். அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: "சண்டையிலை ஆரைப் பறிகுடுத்தனீ?" கோபத்தில்தான் கும்பிடாமல் விட்டேனாம். எல்லாவற்றையும் இழந்தவர்கள் இன்றைக்கும் அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள். எனக்கு யாரோடும் கோபம் இல்லை. யோசித்து யோசித்துத்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

தேத்தண்ணிக் கடையில் அந்த மூத்தவரைக் கண்டேன். இந்த நாத்திகம் எல்லாம் இந்தியாவில் இருந்து வந்த பழக்கம் என்றார். ஐயா, சைவ சித்தாந்தம் படித்த உங்களுக்கே, கடவுள் இல்லை என்ற பழங்காலத்தவரைச் சொல்லும் உலகாயதர் என்ற சொல் பழக்கம்தானே என்றேன். ஓம் என்று தலையாட்டினார்.

பிறகு பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரைப் பற்றிச் சொன்னேன். கேரளத்துக்காரர், ஆனால் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963இல் அறிவித்தவர் என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். 1978இல் இறந்தபோது, உடலை மருத்துவ மாணவர்கள் படிக்கட்டும் என்று எழுதி வைத்திருந்தார். மறுமையில் பலன் கிடைக்கும் என்று அவர் அதைக் கொடுக்கவில்லை.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலையும் நினைவுபடுத்தினேன். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்கள் உள்ளே விடச் சொல்லிப் போராடினார்கள். மறித்தவர்களும் பக்தர்கள், உள்ளே போகக் கேட்டவர்களும் பக்தர்கள். கேட்டவர்களோடு, வாழ்நாளில் கும்பிடாத இடதுசாரிகளும் நின்றார்கள். இன்னொருவர் கும்பிடும் உரிமைக்காக அவர்கள் அடி வாங்கினார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது.

ஐயா கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப கணக்கை எப்பிடிக் காட்டுவாய்?" என்றார். ஆர் பொருளாளர் ஆனாலும் மாதம் முடிய வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும் என்றேன். சரி, கூட்டத்தில் இதைச் சொல் என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரவு, கால் பிடித்து விடும்போது அம்மா கேட்டார்: "நீ கும்பிடாமல் நிக்கேக்கை என்ன நினைக்கிறனி?"

"உங்கடை காலைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன் அம்மா. மணலிலை சறுக்கிடுமோ எண்டு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாளைக்கு நாலு மணிக்கே எழுப்பு" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.