கோக்கத் தெரியாமல் கோத்த முயல்

எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்தில் கம்பியில் கோத்த முயல் வன்கூடு (எலும்புக்கூடு) ஒன்று இருந்தது. ஒருநாள் கம்பி அறுந்து என்புகள் தரையெல்லாம் சிதறின. அறுத்தது நானல்ல. ஆனாலும் பொறுக்கிக் கோக்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது.

முள்ளென்புகள் (முதுகெலும்புத் துண்டுகள்) கழுத்தில் 7, மார்பில் 12, நாரியில், அதாவது கீழ்முதுகில், 7 என்று மனப்பாடம். கோத்து முடித்துக் கொண்டுபோனேன். சேர் விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது நாரி முள்ளென்பு. இதிலே விலா வராது தம்பி."

"ஏன் சேர் வராது?"

"வராது எண்டால் வராது. கழற்றிக் கோர்."

பல வருடங்களுக்குப் பிறகு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில், கிளிசரின் நிரம்பிய போத்தலில் ஒரு சுண்டெலிக் குட்டியைப் பார்த்தேன். தசை கண்ணாடிபோல் தெளிந்து, என்பு சிவப்பாகவும் கசியிழையம் (குருத்தெலும்பு) நீலமாகவும் சாயமேறியிருந்தது. சுண்டெலிக்கு 13 சோடி விலா. இதற்கோ நாரியிலும் விலா, அதற்குக் கீழேயும் விலா! யாரோ என்னைப்போல் மாற்றிக் கோத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

உடலின் எந்தப் பகுதி என்னவாக வளரவேண்டும் என்று தீர்மானிப்பவை ஹொக்ஸ் மரபணுக்கள் (நாங்கள் படித்தபோது பரம்பரையலகு). அவற்றில் ஹொக்ஸ் 10 தொகுதியின் மூன்றையும் நீக்கினால் இப்படித்தான் ஆகும். வெலிக், கப்பெக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் காட்டியது. அப்படியென்றால் விலா முளைப்பதுதான் முள்ளென்பின் இயல்பு. நாரியில் இந்த மரபணுக்கள் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. அடுத்த ஹொக்ஸ் 11 தொகுதி இல்லாவிட்டால் இடுப்போடு பொருந்தும் திருவென்பு உருவாகாது, அந்த இடமும் நாரி போலாகிவிடும்.

பழ ஈயிலும் இதே கதைதான். வயிற்றுத் துண்டங்களில் கால் முளைக்காதது, அங்குள்ள ஹொக்ஸ் மரபணுக்கள் கால் தொடங்கும் மரபணுவை அடக்குவதால். பழ ஈயை ஆராய்ந்த மரபியலாளர் எட் லூயிஸ் 1978இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இந்த மரபணுக்கள் நிற்கும் வரிசையும், உடலில் அவை ஆளும் துண்டங்களின் வரிசையும் ஒன்றே. கம்பியில் கோத்தது மாதிரி. பழ ஈயில் அவர் செய்த இந்த வேலைதான் அவருக்கு 1995இல் நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுக்கொடுத்தது.

ஆக, சேர் சொன்னது சரிதான், "வராது" என்பதை "வரவிடாது" என்று திருத்திக்கொண்டால்.

அப்புறம் ஒரு விஷயம். முயலின் வாலில் மூன்று சிறு என்புகள் குறைந்ததை அவர் கடைசிவரை கவனிக்கவில்லை. அவை எங்கே போயின என்று இந்த மலரில் எழுதமாட்டேன்.