பாதியில் மூடிய காலேஜ், மீதிப் படிப்பு

நான் டிப்ளமோ ஆஃப் பிசினஸ் படித்த தனியார் காலேஜ் பாதியில் மூடிவிட்டது. மெல்பர்ன் நகர மையத்தில், ஆபீஸ் கட்டடம் ஒன்றின் ஒரே மாடியில் நடந்த காலேஜ். படித்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டு மாணவர்கள். அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேச்சு ஓடியது. விசா அன்றைக்கே போய்விடும், கட்டிய பணம் அவ்வளவுதான், ஆறு மாதம் முடிக்காதவர்களை வேறெந்தக் காலேஜும் சேர்க்காது. மூன்றுமே தப்பு. ஆறு மாத விதி இருப்பது உண்மைதான். ஆனால் காலேஜின் பதிவே போய்விட்டால் அது நம்மைக் கட்டுப்படுத்தாது.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பாடம் நடத்த முடியாமல் போன காலேஜ், 14 நாளுக்குள் மிச்சப் பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் நாம் சம்மதிக்கும் வேறு இடத்தில் சேர்த்துவிட வேண்டும். எங்கள் காலேஜில் போனை எடுக்கவே ஆள் இல்லை. அந்தக் கெடு தாண்டியதும் டிபிஎஸ், அதாவது டியூஷன் புரொடக்‌ஷன் சர்வீஸ், கையில் எடுத்துக்கொண்டது. 2012 முதல் இருக்கும் அரசு ஏற்பாடு இது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் காலேஜ்கள் வருடாவருடம் கட்டும் பணத்தில் ஓடுகிறது.

டிபிஎஸ்காரர்கள் மெயிலில்தான் தொடர்புகொள்வார்கள், அதுவும் காலேஜ் பதிந்து வைத்திருக்கும் முகவரிக்கு. சேரும்போது ஏஜென்ட் தன் மெயிலைக் கொடுத்திருந்த பையன்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஏஜென்டும் சொல்லவில்லை, அவருக்கு அவர் கமிஷன் வரும் காலேஜில் இவர்களைச் சேர்க்கும் அவசரம்.

மிச்சப் பணம் என்றால் இன்னும் நடத்தாத பாடத்துக்கு நாம் முன்கூட்டிக் கட்டியது மட்டும். ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஏஜென்ட் வாங்கியது, வீட்டு வாடகை எதுவும் அதில் வராது.

உண்மையான பாடு பணத்தில் இல்லை, முடித்த யூனிட்களில், அதாவது பாடப் பகுதிகளில். டிப்ளமோவில் மொத்தம் 12 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தேசிய அளவில் ஒரே குறியீடு என்பதால், ஓரிடத்தில் பாஸானதை இன்னோரிடம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். சேரப் போன காலேஜ்களில் அதற்கு ஆதாரம் கேட்டார்கள். யுஎஸ்ஐ கணக்கில், அதாவது முடித்த யூனிட்கள் பதிவாகும் அரசின் ஆன்லைன் மாணவர் கணக்கில், போய்ப் பார்த்தால் கடைசி டெர்மில் முடித்தது எதுவுமே இல்லை, ஏனென்றால் காலேஜ் அதை ஏற்றி அனுப்பும் முன்பே மூடிவிட்டது. மூடிய காலேஜ்களின் மாணவர் பதிவேடுகள் ஒழுங்குமுறை அமைப்பான அஸ்க்வாவுக்குப் போகும், அங்கே விண்ணப்பித்து வாங்கலாம். அதற்கும் நேரம் பிடித்தது. நல்லவேளை, டெர்ம் முடியும்போதெல்லாம் ஸ்டேட்மென்ட் ஆஃப் அட்டெய்ன்மென்ட், அதாவது அதுவரை பாஸான யூனிட்களுக்கான சான்றிதழ், கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்டித்தான் வேலை நடந்தது. உங்கள் காலேஜ் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தப் பேப்பரைக் கேளுங்கள்.

டிபிஎஸ் காட்டிய பட்டியலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு காலேஜ் இருந்தது. அவர்கள் முடித்த யூனிட்களுக்குக் கிரெடிட் தருவதில் இழுத்தார்கள். யூனிட் குறைந்தால் ஃபீஸ் குறையும் அல்லவா? தூரமாக இருந்தாலும் பாஸான எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட இடத்தையே தேர்ந்தெடுத்தேன். புது சிஓஇயில், அதாவது காலேஜ் தரும் சேர்க்கை உறுதிச் சான்றில், படிப்பு முடியும் தேதி என் விசாவுக்குள் அடங்கியது அதனால்தான். முடித்த யூனிட்களையெல்லாம் திரும்ப உட்கார்ந்து படித்திருந்தால் விசா தேதி தாண்டியிருக்கும்.

மிச்சப் பணத்தை டிபிஎஸ் நேராகப் புதுக் காலேஜுக்கே கட்டிவிட்டது. அங்கேயும் ஒரு ஊழியர், மீதி ஃபீஸ் மொத்தத்தையும் இப்போதே கட்டினால் நல்லது என்றார். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு, ஆரம்பிக்கும் முன் பாதிக்கு மேல் கட்டச் சொல்லி காலேஜ் வற்புறுத்த முடியாது, நாமாக விரும்பினால்தான். டெர்ம் டெர்மாகக் கட்டுகிறேன் என்றேன். சரி என்று இன்வாய்ஸை மாற்றிக் கொடுத்தார்.