மூன்று மடங்கு கவரேஜ்

பூஞ்சை ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் என் கையில் கொடுத்தது கணினியை அல்ல, கல்வத்தை. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க, வடிகட்டிப் பிழிந்தெடுத்த பூஞ்சை இழைகளை அதில் போட்டு, திரவ நைட்ரஜனை ஊற்றி ஊற்றி அரைக்க வேண்டும். புகை அடங்குமுன் அடுத்த தடவை ஊற்றாவிட்டால் பொடி இளகிக் கூழாகிவிடும். கூழான மறுநிமிஷமே பூஞ்சையின் சொந்த நொதிகள் டி.என்.ஏ.வை நறுக்க ஆரம்பித்துவிடும். செல்சுவரில் கைட்டின் இருப்பதால்தான் இத்தனை பாடு. நண்டு ஓட்டில் இருக்கும் அதே சரக்கு. முதல் வாரம் முழுக்க எனக்குக் கிடைத்தது கூழ்தான்.

எங்களிடம் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் ரகம் ஒன்று இருந்தது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியை அது தன் தாய் ரகத்தைவிட எக்கச்சக்கமாகச் சுரந்தது. ஏன் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. இரண்டு ரகங்களின் ஜீனோமையும், அதாவது டி.என்.ஏ. எழுத்துகளின் முழுத் தொகுப்பையும், 150 எழுத்துத் துண்டுகளாகப் படித்து, மென்பொருளை வைத்து ஒட்டினோம். இரண்டிலும் அமைலேஸ் மரபணு ஒன்றே ஒன்று. எழுத்துக்கு எழுத்து வித்தியாசமே இல்லை. சரி, கோளாறு வேறு எங்கோ என்று முடிவுகட்டி, மற்ற வித்தியாசங்களை ஒவ்வொன்றாகத் துருவினேன். நாலு மாதம். வாராவாரம் படம் போட்டு விளக்கிய சந்தேகங்கள் எல்லாமே பொய்த்துப்போயின.

ஒருநாள் கூட்டத்தில் மூத்த ஆய்வாளர் சாதாரணமாகக் கேட்டார்: "அந்த இடத்துல கவரேஜ் எவ்வளவும்மா?"

நான் பார்க்கவே இல்லை. திறந்து பார்த்தால், ஜீனோம் முழுக்க ஒவ்வொரு எழுத்தும் சுமார் 80 தடவை படிக்கப்பட்டிருக்கிறது. அமைலேஸ் வந்ததும் கோடு நட்டுக்குத்தலாக ஏறி 240-இல் நிற்கிறது. மரபணு முடிந்த கொஞ்ச தூரத்தில் மறுபடி 80. ஒரே பக்கத்தை மூன்று ஜெராக்ஸ் எடுத்துக் கிழித்துப் போட்டால், ஒட்டுகிறவர் ஒரே பக்கமாகத்தான் ஒட்டுவார். துண்டுகள் ஏன் இத்தனை மிச்சம் என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடும். எங்கள் ரகத்தில் இருந்தவை மூன்று மரபணுக்கள். மென்பொருள் அவற்றை ஒன்றாக மடித்துவிட்டது.

அதைவிட வெட்கம், இது ஏற்கெனவே எழுதிவைத்த விஷயம். 2005-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயின் ஜீனோம் வெளியானபோதே, அந்த ரகத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான அமைலேஸ் மரபணுக்கள் மூன்று இருப்பது தெரியும். அதைப் படித்தும் இருக்கிறேன். என் ரகத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு பூஞ்சை ஜீனோம் எதைப் பார்த்தாலும் பிரதிகளைத்தான் முதலில் எண்ணுகிறேன். பெனிசிலின் கதையில் பாதி அதுதான். 1943-இல் அமெரிக்காவின் பியோரியாவில் அழுகின முலாம்பழத்திலிருந்து எடுத்த பெனிசிலியத்தில் மருந்தைத் தயாரிக்கும் மரபணுக் கூட்டம் ஒரே ஒரு பிரதிதான். விளைச்சல் கூடுதலாக இருந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். பிற்காலத் தொழிற்சாலை ரகங்களில் அந்தக் கூட்டம் அடுத்தடுத்துப் பல பிரதிகளாகப் பெருகிக் கிடக்கிறது. டி.என்.ஏ. வரிசை என்று ஒன்றைப் படிக்கவே வழியில்லாத காலத்தில், கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்திருக்கிறார்கள்! ஆனால் சேர்ந்த பிரதி கழன்றும் போகும். அதே ரகத்தைத் திரும்பத் திரும்ப வளர்த்தால் சில பிரதிகளை உதறிவிட்டு மருந்தைக் குறைத்துவிடும்.

இதற்கு நேர் எதிர் நியூரோஸ்போரா என்ற பூஞ்சை. 1941-இல் பீடில், டேட்டம் என்ற விஞ்ஞானிகள் மரபணுவையும் நொதியையும் இணைத்துக் காட்டியது இதை வைத்துத்தான். அதற்குப் பிரதி என்றாலே ஆகாது. பாலினப் பெருக்கத்தின்போது, ஓரளவு நீளமான வரிசை எதுவும் இரண்டு தடவை இருப்பது தெரிந்தால் இரண்டிலுமே எழுத்துகளை மாற்றிப் பாழாக்கிவிடும். 2003-இல் அதன் ஜீனோம் வந்தபோது, சுமார் 10,000 மரபணுக்களில் ஒன்றையொன்று உரித்துவைத்த மாதிரி இருக்கும் ஜோடிகள் அநேகமாக இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளப் போய், பிரதியிலிருந்து புது மரபணு உருவாகும் வழியையே அடைத்துக்கொண்ட ஜீவன்.

மருத்துவத்தில் இந்த எண்ணிக்கை உயிர் பிரச்சினை. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸில், ஏசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் குறிவைக்கும் மரபணுவுக்கு முன்னால் 34 எழுத்துகள் இரட்டித்துவிட்டன. கூடவே மரபணுவுக்குள் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மருந்து எடுபடாது. வாழ்நாளில் ஏசோல் மாத்திரையே விழுங்காத நோயாளிகளிடமும் இந்த ரகம் கிடைத்தது. பயிர்களுக்கு அடிக்கும் ஏசோல் பூஞ்சைக்கொல்லிகள்தான் வயலில் இதை வளர்த்துவிட்டன என்பதே பலமான சந்தேகம். மனிதர்களைத் தொற்றும் இன்னொரு பூஞ்சையான கேண்டிடா அல்பிகன்ஸ் இன்னும் துணிச்சல்காரி. ஃப்ளூகோனசோல் என்ற ஏசோல் மருந்தின் நெருக்கடியில் குரோமோசோமின் ஒரு கையையே இரட்டித்துக்கொள்கிறது. மருந்தை நிறுத்தினால் அதைக் கழற்றியும் போடும். எழுத்துகளை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

என் ரகத்துக்கு வருகிறேன். மூன்று பிரதிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று அறிய நீள வாசிப்பு வேண்டும், அதாவது டி.என்.ஏ.வைக் குட்டித் துண்டுகளாக இல்லாமல் நீளமாகப் படிக்க வேண்டும். அதற்கு உடையாத டி.என்.ஏ. வேண்டும். மறுபடி கல்வம். இந்தத் தடவை பொடி இளகவில்லை. பிப்பெட் முனையைக் கத்திரியால் வெட்டி அகலமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உறிஞ்சினேன். குழாயைச் சாய்த்தபோது வெள்ளை நூல் ஒன்று அறுபடாமல் கூடவே சாய்ந்தது.

விடை வந்தது. இரண்டு பிரதிகள் ஒரே குரோமோசோமில், ஒன்றையடுத்து ஒன்று. மூன்றாவது வேறொரு குரோமோசோமில், இன்னொரு மரபணுவின் நடுவயிற்றில் புகுந்து அதை இரண்டாகப் பிளந்திருக்கிறது. நொதி கூடியதற்குப் பிரதிகள்தான் காரணமா, அல்லது அந்த மரபணு செத்ததிலும் பங்கு உண்டா? அதன் எதிரே அட்டவணையில் 'ஹைப்போதெட்டிகல் புரோட்டீன்' என்று மட்டும் போட்டிருக்கிறது, அதாவது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. தாய் ரகத்தில் அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு வளர்த்துப் பார்க்க, திங்கட்கிழமை பிளேட் போட்டிருக்கிறேன்.