தட்டுப்படுகிறதா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியராகச் சேர்ந்த புதிதில், 30 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "மார்பில் கட்டி, வலி ஏதாவது இருக்கிறதா?" எல்லோரும் இல்லை என்பார்கள். நானும் பதிவேட்டில் இல்லை என்றே எழுதுவேன்.

அப்படி எழுதப்பட்டவர்களில் ஒருவர், மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் அக்கா. கடலைக்காட்டில் களையெடுத்துவிட்டு, கால் மண் காய்வதற்குள் வந்து நிற்பார். ஒருநாள் அவர் அருகில் வந்தபோது சீழ் வாடை அடித்தது. திரைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். ரவிக்கைக்குள் பழைய துணியை மடித்து வைத்திருந்தார். கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது.

"எட்டு மாதமாக இருக்கிறது சிஸ்டர். வலிக்கவில்லையே, அதனால்தான் சொல்லவில்லை."

அந்த எட்டு மாதமும் அவர் என் மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார். பெரிய மருத்துவமனைக்கு நானே உடன் போனேன். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அவர் எதையும் மறைக்கவில்லை என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. காட்டு வேலை செய்பவருக்கு வலித்தால்தான் நோய். ஆனால் மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நான் கட்டியையும் வலியையும் ஒரே மூச்சில் கேட்டேன். அவர் வலிக்குப் பதில் சொன்னார்.

கேள்வியை மாற்றினேன். "குளிக்கும்போது கைக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா? காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா? ரவிக்கையில் கறை படுகிறதா?" இப்போது உடனே பதில் வருவதில்லை, யோசிக்கிறார்கள். பிறகு நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் வட்டமாக அழுத்தி, அக்குள்வரை பார்க்கிறேன். வெளியே எவ்வளவு கூட்டம் நின்றாலும் இதில் அவசரப்படுவதில்லை.

விரலால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மும்பையைச் சொல்வேன். அங்கே 1998-ல் தொடங்கி, சுமார் 1.5 லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி 20 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அவர்களில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்த அளவு பயன் தெரியவில்லை. ஆனாலும் நோய் முற்றுவதற்குள் கண்டறிய முடிந்தது.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஓர் அம்மா, என் புதிய கேள்விக்குச் சற்று யோசித்து, "தட்டுப்படுகிறது, பால் கொடுத்த காலத்துக் கட்டியாக இருக்கும்" என்றார். கொண்டைக்கடலை அளவு, கல் போன்ற கெட்டி. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்று சொல்லித்தான் அனுப்பினேன். பயமுறுத்தினால் போகவே மாட்டார்கள். ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மார்பகத்தை முழுவதும் எடுக்க நேரவில்லை.

ஐந்து வருடமாகிறது. இன்னும் சமைக்கிறார். போன மாதம் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, திரையை இழுத்து மூடியது அந்த அம்மாதான்.