அத்தாவுக்குப் பார்த்துச் சொன்னவை

செப்டம்பர் 16, செவ்வாய்

அத்தாவின் வலது கை போர்வை மேல் வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வுக்குள்ளே விடுகிறார்கள். வராந்தாவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். கேட்கத் தெம்பு இல்லை. எழுந்து கோரிப்பாளையம் தர்கா வரை நடந்தேன். பாத்திஹா ஓதிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு அம்மா, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர், பரீட்சை நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் வைத்திருந்த ஒரு பையன். எல்லாருக்கும் ஏதோ ஒன்று ஆகவேண்டியிருக்கிறது.

மேலே இருக்கிற குவிமாடம் அழகர்மலையிலிருந்து வந்த ஒரே கல் என்று சின்ன வயதில் அத்தா சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அவரிடம் போய் வந்ததைச் சொன்னேன். மூன்று நாளில் முதல் வார்த்தை வந்தது. நாக்கு குழறியது, ஆனாலும் புரிந்தது.

"பூச்சு... எப்படி?"

நான் கவனிக்கவே இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று பூச்சு பார்க்கவென்றே திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது தூண்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடியதுதான் ஞாபகம். 248 தூண்கள். அன்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன், இன்றும் அப்படியே.

ஒரு தூணில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெளியே அப்படி ஒரு வெயில், இது தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தது. வளைவுகள், விதானம், யாளிகள் எல்லாமே செங்கல்லும் சுதையும். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, செக்கில் மை மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. அத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் காற்றில் கை தானாகத் தேய்க்கும். வலது கை.

1636ல் கட்டியது. இப்போது நிற்பது அதில் நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். அதுவும் விழுகிற நிலைமைக்கு வந்து, 1866லிருந்து 1872 வரை கவர்னர் நேப்பியர் பழுது பார்க்க வைத்திருக்கிறார். யார் கவர்னராக இருந்தால் என்ன, சாரத்தில் ஏறிப் பூசியவன் மேலூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ விடிகாலையில் நடந்து வந்த ஒரு கொத்தனாராகத்தான் இருக்கும். அவன் பேர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஆள் உயரத்துக்குக் கீழே தூண் முழுக்கப் பேர் கீறியிருக்கிறார்கள். சாவியால், ஆணியால். ஒரு இதயத்தில் வெள்ளைத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது, நேற்றுத்தான் கீறியிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. ஒரு அடி இடத்தை மெருகேற்ற ஒரு ஆளுக்கு எத்தனை நேரம் ஆகும் என்று தெரிந்தவன் சாவியை எடுக்கமாட்டான்.

அத்தாவிடம் கீறலைப் பற்றிச் சொல்லவில்லை. மழமழவென்று அப்படியே இருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஜும்ஆ தொழுகை காஜிமார் தெரு பெரிய பள்ளிவாசலில். பதிமூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொழுகை நடக்கிற இடம். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும்போது என் வலது கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டார். தொழுதுவிட்டு, பெரியவர்கள் அடங்கியிருக்கிற மக்பராவில் கொஞ்ச நேரம் நின்றேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

ரேஷன் கடை மெஷினில் அத்தாவுக்குக் கைரேகை விழாது. நாற்பது வருடச் சுண்ணாம்பு தின்ற விரல்கள். ஒவ்வொரு மாதமும் அம்மாதான் போய் நிற்பார். ஏனோ இன்று முழுக்க அந்த ஞாபகம்.

செப்டம்பர் 20

எங்கும் போகவில்லை. மருத்துவர் "பார்க்கலாம்" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி ராத்திரி கூடவே ஒரு ஆள் இருக்கலாம். அல்ஹம்துலில்லாஹ்.

அண்ணன் வந்ததால் மத்தியானம் காந்தி மியூசியம். தமுக்கம் அரண்மனை, ராணி மங்கம்மாள் இருந்த இடம். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து திறந்துவைத்திருக்கிறார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்தக் கறைக்கு முன்னால் பேச்சு வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தத்தோடு வந்தார்கள், அங்கே வந்ததும் தானாக அடங்கினார்கள்.

திரும்பி வந்து அத்தாவிடம் துணியைப் பற்றித்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "வளைவுல விரிசல் இருக்கா?"

இல்லை அத்தா. இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 22

மேலமாசி வீதி. 1921ல் இதே தேதியில் காந்தி சட்டை, தொப்பியை விட்டு அரைத்துணிக்கு மாறியது இங்கே ஒரு வீட்டு மாடியில். கீழே கதர்க்கடை. அத்தாவுக்கு ஒரு துண்டு வாங்கினேன், அவருடையது கஞ்சி கொட்டி நாறிவிட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பிசியோ ஒரு ரப்பர் பந்து கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அத்தா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிட்டேன், வார்டே பார்த்தது. வெளியே வந்து பெட்டிக்கடையில் நின்றேன். வெற்றிலைக்காரர் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்தபோது தோன்றியது. கொஞ்சம் பாலிதீனில் வாங்கி வந்தேன்.

முதலில் இடது கட்டைவிரலால் தொட்டு ஆள்காட்டி விரலோடு தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "கிளிஞ்சல்தான். சலிக்கல" என்றார். குழறவே இல்லை. பிறகு அவராகவே இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, அந்த விரல்களில் தடவினார். ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல். நர்ஸ் வந்து திட்டுகிற வரைக்கும்.

நாயக்கர் அரண்மனையில் மிச்சமிருக்கிற பத்துத்தூணைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நாளைக்கு.

செப்டம்பர் 24

பத்துத்தூண் போக முடியவில்லை, ஸ்கேன் எடுக்கவே நேரம் போய்விட்டது.

ராத்திரி இரண்டு மணி. கட்டிலுக்குக் கீழே பாய் போட்டிருக்கிறேன். தலைமாட்டுச் சுவரில் ஒரு இடத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறது. அத்தா கற்றுக்கொடுத்த மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், மெதுவாகத்தான். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பொத்துச் சத்தம்" என்றார் மேலேயிருந்து. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தட்டு."