குளிர்நாட்டு வறட்சியும் எரியும் தொண்டையும்

குளிர்நாட்டில் குடியேறிய முதல் பனிக்காலத்தில், காலையில் எழும்போதே தொண்டை கரகரக்கும். மூக்கினுள் பொருக்குத் தட்டியிருக்கும். காய்ச்சல் இருக்காது, கோழையும் இருக்காது. உடனே சுக்கு, மிளகு, திப்பிலியைத் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்துவிடுகிறோம். எரிச்சல் இன்னும் கூடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்த திரிகடுகம் கோழை கட்டியவருக்கு; இங்கே சிக்கல் வறட்சி. உறைகுளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதையே ஹீட்டர் சூடாக்கும்போது அறையின் ஈரப்பதம் 20 சதவீதம் வரைகூட இறங்கிவிடும். காய்ந்துபோன சளிச்சவ்வுக்கு வழவழப்புள்ள மூலிகைதான் இதம்.

அதற்கு முதலில் தேட வேண்டியது சீமைத்துத்தி வேர். மார்ஷ்மெல்லோ வேர் என்று கேட்டால் கிடைக்கும் (அதே பெயருள்ள மெத்தென்ற மிட்டாயில் இன்று இந்த வேர் இல்லை). உலர்ந்து நறுக்கிய வேர் 2 கிராமை, கொதித்து ஆறிய 150 மி.லி. தண்ணீரில் போட்டு மூடி, அவ்வப்போது கிளறி, அரைமணி நேரமாவது ஊறவிடுங்கள். வேரோடு கொதிக்க வைக்கவே கூடாது: மாவுச்சத்தும் சேர்ந்து இறங்கிக் கஞ்சியாகிவிடும். வடிகட்டியதைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மெல்லிய நூலாக இழுபட வேண்டும். தண்ணீராகவே சொட்டினால் இன்னும் ஊறவில்லை, அல்லது வேர் பழசு. லேசாகச் சூடு காட்டி, மிடறு மிடறாக, தொண்டையில் சற்று நிறுத்தி விழுங்குங்கள். அன்றன்றைக்கு அப்போதே போட்டுக் குடிப்பதுதான் சரி. வைத்திருந்தால் கிருமி பெருகும்.

இந்த வழவழப்பு குடலிலும் படிந்து மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தாமதமாக்கும். ஆகவே மருந்துக்கும் இதற்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

அதிமதுரமும் இதம் தரும். ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவேண்டாம். மற்றவர்களும் வாரக்கணக்கில் நீட்டக் கூடாது.

மூக்குக்கு உப்புநீர் போதும். 250 மி.லி. தண்ணீருக்கு அயோடின் சேராத உப்பு சுமார் 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உப்பு குறைந்தாலும் கூடினாலும் சுரீரென்று எரியும். தண்ணீர் ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதித்து ஆறியிருக்க வேண்டும். குடிக்கத் தகுந்த குழாய்நீராயினும் அப்படியே மூக்கில் விடாதீர்கள்: அரிதாக அதிலிருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளையை எட்டினால் உயிருக்கே ஆபத்து.

மென்தால், யூக்கலிப்டஸ் ஆவி மூக்கு திறந்தது போன்ற உணர்வைத் தரும், வறட்சியைத் தீர்க்காது. குரல் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலோ, எச்சிலில் இரத்தம் வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ வேரை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.